பொட்டி கிடக்கட்டும், மேப்பு யாருது?

மூணு வாரமா ஒரே கேள்வியைத் தூக்கிக்கிட்டு அலையறேன். ஆபீஸ்ல கேட்டேன், காலேஜ் நண்பர்கள் குரூப்புல கேட்டேன், சக பதிவர்கள் நாலு பேரை ஓரங்கட்டியும் கேட்டேன். ஆளுக்கொரு பதில். எல்லாத்தையும் கேட்டு முடிச்சப்புறம் தெளிவு வரல மக்களே, கோபம்தான் வந்துது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். ஒரு டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

கேள்வி இதுதான்: அம்பத்தூர் எஸ்டேட்ல குட்டியானை ஓட்டுற எங்க மாமாவுக்கு வழி காட்டுற கருவி ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்?

மாமாகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. 2011ல, நான் எட்டாவது படிக்கும்போது, அவர் கால் டாக்ஸி ஓட்டிக்கிட்டு இருந்தார். அப்ப வாங்கின டேஷ்போர்டு ஜிபிஎஸ் பொட்டி. அஞ்சு இன்ச் திரை, கண்ணாடியில ஒட்டுற ரப்பர் கப்பு, எஸ்டி கார்டுக்குள்ள மொத்த இந்தியா மேப்பு. அதைப் பாக்குறதுக்குன்னே தெருப் பசங்க நாங்கல்லாம் வண்டியில ஏறுவோம். உள்ள இருந்து ஒரு அம்மணி இங்கிலீஷ்ல "லெஃப்ட் திரும்பு"ம்பாங்க. மாமா "சரிங்க மேடம்"னு பதில் சொல்லிட்டுத்தான் திரும்புவார்.

அந்தப் பொட்டி போன மாசம் உயிரை விட்டுடுச்சு. "மாப்ள, இதே மாதிரி இன்னொண்ணு பாத்து வாங்கிக் குடுடா"ன்னார்.

"அதான் போன் இருக்கே மாமா, எதுக்குத் தண்டச் செலவு?"ன்னேன்.

என்னை ஒரு பார்வை பாத்தார். "அன்னிக்கு உன் போன் என்னடா காட்டுச்சு?"

கப்சிப். அதுக்கு மேல என்னால ஒரு வார்த்தை பேச முடியல.

அன்னிக்குன்னா 2023 டிசம்பர் 5. மிக்ஜாம் புயல். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேணாம். மூணாம் தேதி ராத்திரி ஆரம்பிச்ச மழை, நாலாம் தேதி முழுக்க கொட்டித் தீர்த்துது. அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணிக்குள்ள. கரண்ட் இல்லை. டவருக்குக் கரண்ட் இல்லாம போன்ல சிக்னலும் இல்லை.

அத்தைக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். திங்கக்கிழமை போக வேண்டியது போக முடியல. கடைசியா போனது வெள்ளிக்கிழமை. செவ்வாய் விடியக்காலை கால் வீங்கி, படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்துட்டாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் சிக்னல் வேணுமே. உயரமான வண்டி எங்ககிட்ட குட்டியானை ஒண்ணுதான். முன்னாடி மாமாவும் அத்தையும். பின்னாடி பாடியில ஒரு கையில கம்பியும் ஒரு கையில போனுமா நான். அயப்பாக்கத்துலருந்து போரூர் பக்கம் போகணும்.

வழக்கமா எஸ்டேட் வழியா போய் மதுரவாயல் பைபாஸ் பிடிப்போம். அந்த வழி அவுட்டு. சரி, மேற்கால சுத்தி, ஆவடி - பூந்தமல்லி ரோட்டைப் பிடிச்சு, சென்னீர்குப்பம், கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம்னு போயிடலாம்னு கிளம்பினோம். பெரிய ரோடெல்லாம் மாமாவுக்கு அத்துப்படி. அந்தப் பெரிய ரோட்டுக்குப் போய்ச் சேர நடுவுல இருக்குற லேஅவுட்டுதான் பிரச்னை. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. பாதித் தெருவுல பேர்ப் பலகை கிடையாது. எந்தத் தெருவுல எவ்வளவு தண்ணின்னும் தெரியாது.

போனைத் திறந்தேன். நம்ம எல்லாரும் வச்சிருக்குற அதே மேப்பு. நீலப் புள்ளி கரெக்டா வந்துது. நான் நகர நகர அதுவும் நகருது. ஆனா புள்ளியைச் சுத்தி ஒண்ணுமே இல்லை. ரோடு இல்லை, பேர் இல்லை. வெறும் சாம்பல் கலர். நான் எங்க இருக்கேன்னு அந்த போனுக்குத் தெரியும். அந்த இடம் என்ன இடம்னு தெரியாது.

மாமா டேஷ்போர்டுல இருந்த பழைய பொட்டியைப் போட்டார். அதுல மேப்பு இருந்துச்சு. ஆனா 2011ம் வருஷத்து மேப்பு. எங்களைச் சுத்தி வரிசையா வீடு நிக்குது, பொட்டியில அது வெறும் மைதானம். ஒரு இடத்துல நேரா போகச் சொல்லுச்சு. நேரா பத்தடி உயரத்துக்கு காம்பவுண்டு சுவர். ரிவர்ஸ் எடுத்து அடுத்த தெரு போனா, பம்பர் வரைக்கும் தண்ணி. மறுபடி ரிவர்ஸ்.

புது மேப்பு எட்டாத தூரத்துல ஏதோ ஒரு சர்வர்ல இருந்துச்சு. கையில இருந்த மேப்போ பழசு. ரெண்டுக்கும் நடுவுல அத்தை மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

கடைசியில பால் பாக்கெட் போடுற ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். "இப்படி போகாதீங்க, அந்த மூணாவது லெஃப்டு மேடு, அங்கருந்து ரைட்டு எடுங்க, மெயின் ரோடு வந்துடும்"னார். பத்து நிமிஷத்துல மெயின் ரோடு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மொத்தம் மூணு மணி நேரம் ஆச்சு. போன உடனே ஆக்ஸிஜன் வச்சாங்க. அத்தை நல்லா இருக்காங்க, இந்தப் பதிவு எழுதுறேன்னு சொன்னதுக்கு "என் கால் வீக்கத்தைப் பத்தியெல்லாம் எழுதாத"ன்னாங்க. மன்னிச்சிடுங்க அத்தை.

இப்ப சண்டைக்கு வருவோம். எனக்கு அறிவுரை சொன்ன மகா ஜனங்கள் மொத்தம் மூணு கட்சி.

முதல் கட்சி: "போன் இருக்க பயமேன்"

எங்க டேமேஜர் இந்தக் கட்சியோட வட்டச் செயலாளர். "தனிக் கருவியெல்லாம் எப்பவோ செத்துப் போச்சு பாஸ்"னு ஆரம்பிச்சார். வியாபாரக் கணக்குப்படி சொன்னா சரிதான். 2009 அக்டோபர்ல ஆண்ட்ராய்டு போன்ல திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லுற வசதியை இலவசமா தரப்போறோம்னு கூகுள் அறிவிச்ச அன்னிக்கே கார்மின், டாம்டாம் ரெண்டு கம்பெனி பங்கும் பொத்துனு விழுந்துச்சு. இங்கயும் மேப்மைஇந்தியா பொட்டி, ஹைதராபாத் சாட்நாவ் கம்பெனியோட சாட்கைடுன்னு கார் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. இப்ப அந்த ரப்பர் கப்பு தடத்தைக்கூட எங்கயும் காணோம்.

ஆனா செத்தது பொட்டி மட்டும் இல்லை. மேப்பு நம்ம கையில இருக்கணும்ங்குற நெனப்பும் சேர்ந்து செத்துச்சு. "ஆஃப்லைன்ல இறக்கி வைக்கலாமே"ன்னு உடனே கையைத் தூக்காதீங்க. வைக்கலாம். அதுவும் ஒரு கட்டம் கட்டி இறக்கணும், அப்பப்ப புதுப்பிக்கலைன்னா காலாவதியாகும். சரி, எத்தனை பேர் இறக்கி வச்சிருக்கோம்? பொட்டி தட்டுறதையே பொழப்பா வச்சிருக்குற நானே வைக்கல. சிக்னல் எப்பவும் இருக்கும்னு ஒரு குருட்டு நம்பிக்கை. சிக்னல் போறதுன்னா அது புயலன்னிக்குதான் போகும். வழி மாறுறதும் அன்னிக்குதான்.

இன்னொண்ணு. ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேணும்னு இன்னமும் நம்புற இன்ஜினியர்கள் இருக்காங்க. சத்தியமா. ஈசிஈ படிச்சவனே சொல்றான். அய்யா, செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்திக்கிட்டே "இப்ப மணி இத்தனை, நான் இங்க இருக்கேன்"னு ரேடியோவுல கத்திக்கிட்டே இருக்கு. உங்க போன் சும்மா காது குடுத்துக் கேக்குது, அவ்வளவுதான். குறைஞ்சது நாலு கோளோட சத்தம் கேட்டா, அது வந்து சேர எடுத்துக்கிட்ட நேரத்தை வச்சு இடத்தைக் கணக்குப் போட்டுடும். கடிகாரத்துல ஒரு மைக்ரோ செகண்டு தப்புன்னா இடத்துல 300 மீட்டர் தப்பு. அதனாலதான் அணுக்கடிகாரம். இதுல நெட்டுக்கு வேலையே இல்லை. நெட் இருந்தா எந்தக் கோள் எங்க இருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சு முதல் தடவை சீக்கிரம் பிடிக்கும். இல்லைன்னா வானத்துலருந்தே அந்த விவரத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மத்தபடி நெட்டு வேணுங்குறது மேப்புக்கு. அன்னிக்கு நீலப் புள்ளி வந்துது, ரோடு வரலைன்னா காரணம் இதான்.

ரெண்டாவது கட்சி: "தனிக் கருவிதான் கெத்து"

இவங்க எல்லாருக்கும் ஆன்சைட்ல ஒரு மச்சான் இருப்பான். "அமெரிக்காவுலருந்து ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்றேன்"பாங்க. அங்க விக்கிற பொட்டியில அங்கத்த மேப்புதான் இருக்கும். நம்மூர் மேப்பைத் தனியா தேடிப் போடணும். கெத்தா இன்னொரு ஐட்டம் இருக்கு, செயற்கைக்கோள் வழியா மெசேஜே அனுப்புற மலையேறிகள் கருவி. அதை எடுத்துட்டு வரச் சொல்லிடாதீங்க. அரசாங்க அனுமதி இல்லாம இந்தியாவுல அதை வச்சிருந்தாலே குத்தம். 2024 டிசம்பர்ல கோவா ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்காரங்க அப்படித்தான் மாட்டினாங்க. வெறும் ஜிபிஎஸ் கேக்குற கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை. திருப்பி அனுப்புற கருவிக்குத்தான்.

இந்தக் கட்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கத்திரி வெயில்ல டேஷ்போர்டுல வச்ச போன் "சூடாயிடுச்சு, நான் தூங்கப் போறேன்"னு சொல்லிட்டு ஆஃப் ஆகும். நடுவுல கால் வரும். தனிப் பொட்டிக்கு அதெல்லாம் கிடையாது. ஆனா அந்தப் பொட்டிக்குள்ள இருக்குற மேப்பை யார் புதுப்பிப்பா? மாமாவோட பொட்டிக்கு ரெண்டு வருஷம் அப்டேட் வந்துது. அப்புறம் காசு கேட்டாங்க. அப்புறம் காசு குடுக்குறேன்னாலும் ஆள் இல்லை. வண்டலூர் - நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலை 2014லயே வந்தாச்சு, அங்கருந்து மீஞ்சூர் வரைக்கும் 2021ல வந்தாச்சு. அந்த ரோட்டுல ஜம்முனு எண்பதுல போகும்போது, நாங்க ஏதோ வயக்காட்டுல உழுதுக்கிட்டுப் போற மாதிரி காட்டும். அம்மணி வேற விடாம "திரும்பிப் போ, திரும்பிப் போ"ம்பாங்க. பொட்டி நல்ல பொட்டிதான். உள்ள இருந்த மேப்புதான் காலாவதி.

மூணாவது கட்சி: "நாவிக் வந்தாச்சு, இனி கவலை இல்லை"

இவங்க வாட்ஸப்புல வாழறவங்க. தேசப்பற்றை நான் குறை சொல்லல. நாவிக் நிஜமாவே பெரிய வேலை. 2013 ஜூலையில முதல் கோள், 2016 ஏப்ரல்ல ஏழாவது. நடுவுல அணுக்கடிகாரங்கள் மக்கர் பண்ணுச்சு. 2017ல மாத்துக்கு அனுப்பின கோள் ராக்கெட்டோட மூடி பிரியாம வீணாச்சு. அடுத்ததை 2018ல அனுப்பினாங்க. 2023 மே மாசம் போன என்விஎஸ்-01ல நம்ம ஆளுங்களே செஞ்ச அணுக்கடிகாரம் இருக்கு. 2025 ஜனவரி 29ல போன என்விஎஸ்-02, ஒரு வால்வு திறக்காததால போய்ச் சேர வேண்டிய சுத்துப்பாதைக்குப் போகல. விழுந்து எழுந்து செய்யறாங்க, கைதட்டுறேன்.

ஆனா மக்களே, நாவிக்கும் ஜிபிஎஸ் மாதிரி உங்க இடத்தைத்தான் சொல்லும். வழியைச் சொல்லாது. "அட்சரேகை இத்தனை, தீர்க்கரேகை இத்தனை"ன்னு கையில குடுத்துட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடும். அந்த இடத்துல சுவர் இருக்கா, சந்து இருக்கா, சாக்கடை திறந்து கிடக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு எங்க நீலப் புள்ளியை இன்னும் ஏழு கோள் சேர்ந்து சொல்லியிருந்தாலும், சாம்பல் கலருக்கு நடுவுல இன்னும் துல்லியமா நின்னிருக்கும், அவ்வளவுதான்.

2025 மே மாசம் தபால்துறை கொண்டு வந்த டிஜிபின்னும் இதே கதைதான். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டம், ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்துல ஒரு அடையாளம். நல்ல விஷயம். பழைய நம்பர், புது நம்பர், ஊருக்கு நாப்பது காந்தி தெருன்னு அல்லாடுற நமக்கு வேணும்தான். ஆனா அதுவும் போய்ச் சேர வேண்டிய புள்ளிதான். அந்தப் புள்ளிக்குப் போற வழி?

மூணு கட்சியும் பேசுறது கருவியைப் பத்தி, கோளைப் பத்தி, ஆப்பைப் பத்தி. ஒருத்தர்கூட கேக்காத கேள்வி: அந்த மேப்பை யார் வரைஞ்சா? அது தப்பா இருந்தா யார் திருத்தலாம்? திருத்தினது யாருக்குச் சொந்தம்?

இது ஏதோ கொள்கை விளக்கக் கூட்டம்னு நெனச்சிடாதீங்க. இது உயிர் சமாச்சாரம். 2023 அக்டோபர் 1, கொச்சி பக்கத்துல கோதுருத்து. கொட்டுற மழையில ஜிபிஎஸ் காட்டின வழின்னு நம்பிப் போன கார் ஆத்துக்குள்ள இறங்கிடுச்சு. ரெண்டு இளம் டாக்டர்கள் போய்ச் சேர்ந்தாங்க. 2024 நவம்பர், உத்தரப் பிரதேசம் பரேலி பக்கம் ராமகங்கா ஆத்துப் பாலம். ஒரு பக்கம் வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. மேப்பு அதை முழுப் பாலமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கு. மேல வந்த கார் கீழ விழுந்து மூணு பேர் செத்தாங்க. தடுப்பு வைக்காத இன்ஜினியர்கள் மேல வழக்குப் போட்டாங்க. சரிதான், முதல் குத்தவாளி தடுப்பு வைக்காதவன்தான். ஆனா அந்தப் பாலம் உடைஞ்சது பக்கத்து ஊர்க்காரன் ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். மேப்புக்கு மட்டும் தெரியல. அவன் தெரிஞ்சுக்கிட்டது மேப்புக்குள்ள போய்ச் சேர ஒரு வழி இல்லை, இருந்தாலும் அவனுக்குத் தெரியாது. எங்க பால்கார பெரியவர் கதையும் அதேதான். அந்த ஏரியாவோட மிகச் சிறந்த மேப்பு அவர் மண்டையில இருந்துச்சு. அவர் அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிருந்தா எங்க கதி?

உயிர் போறது அபூர்வம். காசு போறது தினமும். மாமாவுக்கு ட்ரிப்புக்குத்தான் கூலி, கிலோமீட்டருக்கு இல்லை. பாடி மேம்பாலத்துக்கிட்டயோ மதுரவாயல்லயோ ஒரு திருப்பம் தப்புனா, சுத்தி வர்ற டீசல் அவர் பாக்கெட்லருந்து. சாப்பாடு கொண்டு வர்ற தம்பிங்களுக்கும் அதே கணக்குதான். திறந்தவெளியிலயே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் முன்ன பின்ன இருக்கும். மேல மேம்பாலம், கீழ சர்வீஸ் ரோடுன்னா எதுல போறோம்னு அது குழம்பத்தான் செய்யும். ஆவடி பக்கம் போனா இன்னும் விசேஷம். மேப்புல நேரா ஒரு ரோடு போகும். நம்பிப் போனா முன்னாடி கேட்டு, கேட்டுக்கு முன்னாடி துப்பாக்கியோட ஒரு ஜவான். லோடு வண்டியை அங்க ரிவர்ஸ் எடுத்துப் பாத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, மேப்பு விஷயத்துல நம்ம ஊர் ஒண்ணும் சாதாரண ஊர் இல்லை. இந்தியாவையே அளந்த வேலை இங்கதான் ஆரம்பிச்சுது. 1802 ஏப்ரல் 10, பரங்கிமலைக்கிட்ட லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை வச்சு சுமார் 12 கிலோமீட்டருக்கு முதல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். அதுலருந்து முக்கோணம் முக்கோணமா கட்டிக்கிட்டே போய் இமயமலை வரைக்கும் அளந்தாங்க. அதுக்கும் முன்னாடியே, 1794ல, மெட்ராஸ்ல சர்வே ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜா நிக்குறது அதோட வாரிசுதான். தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் படிப்பே நிலம் அளக்கத்தான் வந்துச்சு. இருநூறு வருஷம் கழிச்சு, அதே ஊர்ல இன்ஜினியரிங் முடிச்ச நாம, நம்ம தெரு மேப்புல இல்லைன்னு உதட்டைப் பிதுக்கிட்டு உக்காந்திருக்கோம்.

"மேப்பு போடுறதெல்லாம் சட்டப்படி தப்பில்லையா?"ன்னு ஒரு நண்பர் ஜகா வாங்கினார். முன்னாடி நிஜமாவே சிக்கல்தான். 2016ல அனுமதி இல்லாம மேப்பு போட்டா 100 கோடி ரூபா வரைக்கும் அபராதம்னு ஒரு சட்ட முன்வரைவே வந்துச்சு. நல்லவேளை, சட்டமாகல. 2021 பிப்ரவரி 15ல வந்த புது வழிகாட்டு நெறிமுறைப்படி இந்தியக் குடிமக்கள், இந்திய நிறுவனங்கள் மேப்பு தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. ராணுவ வளாகத்துக்குள்ள மூக்கை நுழைக்காதீங்க, அவ்வளவுதான். ஆவடிக்காரங்க இதை ரெண்டு தடவை படிக்கவும்.

அப்ப யாரோட மேப்பு? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004ல இங்கிலாந்துல ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பிச்சது. விக்கிப்பீடியா மாதிரி யார் வேணா வரையலாம், யார் வேணா மொத்தமா இறக்கி எடுத்துக்கலாம். 2010 ஜனவரியில ஹைட்டி பூகம்பத்தப்போ உலகம் முழுக்க உக்காந்த இடத்துலருந்து படம் பாத்து தலைநகரத்தோட தெருக்களை சில நாள்ல வரைஞ்சு மீட்புப் படைக்குக் குடுத்தாங்க. அவ்வளவு தூரம் ஏன், 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ நம்ம சென்னைக்கே இந்த மேப்பு மேல எந்தத் தெருவுல தண்ணின்னு பொதுமக்களே குறிக்கிற வரைபடத்தைப் போட்டாங்க. பத்தாவது படிச்சவனும் குறிச்சான்.

தனியார் மேப்புல திருத்தம் அனுப்ப முடியாதான்னா, முடியும். நானே அனுப்பியிருக்கேன். எப்ப ஏத்துக்குவாங்க, ஏத்துக்குவாங்களான்னு அவங்க இஷ்டம். ஏத்துக்கிட்டாலும் அது அவங்க சொத்து. நாம இலவசமா போட்ட ரோட்டை நாளைக்கு அவங்க காசுக்கு வித்தா வாயைத் திறக்க முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புல போட்ட ரோடு பொதுச் சொத்து. ஒரு ஆப் செத்தா அதே மேப்பை இன்னொரு ஆப்புல போட்டு ஓட்டலாம். மாமா பொட்டி மாதிரி மேப்பையும் சேத்துப் புதைக்க வேண்டியதில்லை.

குறை இல்லையா? எக்கச்சக்கம். நம்ம பக்கம் கடை, வீட்டு நம்பர் எல்லாம் ரொம்பக் கம்மி. எங்க டிராஃபிக்கு நிக்குதுன்னு அது சொல்லாது. பூந்தமல்லி ஹைரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்குப் போறவங்களுக்கு இது பெரிய குறைதான். நான் மறைக்கல. ஆனா இந்தக் குறைகள்ல பாதி நாம உக்காந்தா தீரும்.

சரி, கருவி வாங்கப் போறீங்கன்னா பிராண்டு பேரைக் கேக்குறதுக்கு முன்னாடி இந்த அஞ்சைக் கேளுங்க:

1. ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, போகாத ஊருக்கு வழி கேளுங்க. சொல்லுதா? இல்லைன்னா மத்த நாலு கேள்வியே வேணாம்.

2. மேப்பு தப்பா இருந்தா நான் திருத்த முடியுமா? திருத்தினது என் கருவிக்கு எப்ப வரும்?

3. கம்பெனி மூடிட்டா இதே கருவியில வேற மேப்பு போட முடியுமா?

4. எல்1, எல்5 ரெண்டு அலைவரிசையும் கேக்குமா? ரெண்டையும் கேக்குற கருவி கட்டடத்துல பட்டு எதிரொலிச்சு வர்ற சிக்னல்ல கம்மியா ஏமாறும். நாவிக்கும் கேட்டா போனஸ்.

5. நடு மத்தியானம் வெயில்ல திரை தெரியுதா? குட்டியானை இன்ஜின் சத்தத்துல குரல் காதுல விழுதா? பூந்தமல்லியை "பூனமல்லீ"ன்னு கொல்லாம சொல்லுதா?

மாமாவுக்கு நான் கடைசியில என்ன வாங்கினேன்? ஒண்ணும் வாங்கல :-) வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்த என்னோட பழைய போன். சிம் கிடையாது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்ஆண்ட் ரெண்டும் போட்டு, தமிழ்நாடு முழுக்க இறக்கி வச்சாச்சு. ஒரு சினிமாப் படத்தோட சைஸ்கூட இல்லை. ஏசி காத்து வர்ற மாதிரி வைக்க குட்டியானையில ஏசி இல்லைங்குறதால, வெயில் நேரா படாத இடத்துல ஒரு ஸ்டாண்டு. செலவு ஸ்டாண்டுக்கும் சார்ஜருக்கும்தான். டிராஃபிக் பாக்க அவரோட சொந்த போன் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணோட ஓட்டையை இன்னொண்ணு அடைக்கும்.

வாங்கினதை விட முக்கியம், அப்புறம் செஞ்சது. ரெண்டு ஞாயித்துக்கிழமை அந்த லேஅவுட்டுக்குப் போனேன். மாமாவும் வந்தார். தெருத் தெருவா நடந்து, எது முட்டுச்சந்து, எது மேடு, எங்க சுவர் இருக்குன்னு குறிச்சுக்கிட்டு வந்து வரைஞ்சேன். தமிழ்ப் பேருக்குன்னு தனிக் கட்டமே இருக்கு, அதையும் நிரப்பினேன். அந்தப் பால்கார பெரியவரைத் தேடிப் பிடிச்சு டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சுக் கேட்டோம். மனுஷன் அரை மணி நேரத்துல, எந்தத் தெருவுல எத்தனை அடி தண்ணி நிக்கும்ங்குற வரைக்கும் சொல்லி முடிச்சார். "இதையெல்லாம் எதுக்குத் தம்பி கேக்குற?"ன்னார். விளக்கினேன். "அப்ப நான் வராத அன்னிக்கும் வழி தெரியும்னு சொல்லு"ன்னார்.

சில வாரம் கழிச்சு மேப்பு அப்டேட் வந்துது. மாமா போனை ஏரோபிளேன் மோடுல போட்டு, வீட்டுலருந்து ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். மூணாவது லெஃப்டு, அங்கருந்து ரைட்டு. அத்தை எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. உள்ள போய் எனக்கு ஒரு தோசை அதிகமா ஊத்திக் கொண்டு வந்தாங்க.

இப்ப உங்களுக்கு. வாரத்துக்கு மூணு பதிவு எழுதுறோம், முன்னூறு பின்னூட்டம் போடுறோம், "நம்ம தெருவை மேப்பே மதிக்கல"ன்னு மீம்ஸ் வேற. அதுல ஒரு இருபது நிமிஷம் எடுத்து உங்க தெருவை வரைங்க. உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குற முட்டுச்சந்தைக் குறிங்க. மழையில எந்தப் பக்கம் மேடுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அந்த விஷயம் உங்க மண்டையோட நின்னுச்சுன்னா, அடுத்த புயலன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க தெருமுனையில ஒரு குட்டியானை வழி தெரியாம நிக்கும். உள்ள யாரோட அத்தையோ இருப்பாங்க.

டிஸ்கி 1: எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு குடுக்கல. குடுக்குற ஐடியா இருந்தா தனி மடல்ல வரவும். ஹி ஹி.

டிஸ்கி 2: மூணு கட்சிக்காரங்களும் பின்னூட்டத்துல வந்து கும்மலாம், தப்பே இல்லை. ஒரே ஒரு கண்டிஷன். கும்முறதுக்கு முன்னாடி உங்க தெருவை வரைஞ்சிருக்கணும்.